மாசானத்தின் கூடைக்கு விலை வைத்த கதை

சிலம்பாக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் அந்த ஊருக்குப் போகாதவர்கள். போய்வந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சொல்ல வாயைத் திறந்ததுமே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து வயர் கூடை பின்னி விற்றார்கள். தலைவர் திரவியம். நாற்காலி அவர் வீட்டில் இருந்ததால் அவர் தலைவர். பிறகு அவர் மனைவி செவந்தி, செவந்தியின் தம்பி மாசானம், பக்கத்து வீட்டு உலகம்மா. நாலு பேரில் கூடை பின்னத் தெரிந்தவள் உலகம்மா. மற்ற மூவரும் பின்னினார்கள்.

கூடை நன்றாகத்தான் விற்றது. "நூறு ரூபாய்க்குத் தர்றியா?" என்று கேட்டால் தந்தார்கள். "அறுபதுக்கு?" என்றால் அதற்கும் தந்தார்கள். வயர் வாங்கின காசே அதைவிடக் கூடுதல் என்பதை உலகம்மாதான் முதலில் கவனித்தாள்.

"அண்ணாச்சி, நான் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறேன். இங்க பின்னிப் பின்னி விரல்தான் தேயுது, வீட்டுல உலை கொதிக்க மாட்டேங்குது. பங்குனியில கோயில் கொடைக்குக் கூடுற சந்தையில ஒரு கூடையாவது நியாயமான விலைக்குப் போகணும். இல்லேன்னா மறுநாள் என்னைத் தேடாதீங்க."

திரவியத்துக்குத் திக்கென்றது. உலகம்மா போய்விட்டால் கூடைக்கு அடி போட ஆள் கிடையாது. மாசானம் அடி போட்ட கூடை நிற்காது, ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும்.

ஆகவே டவுனில் கைத்தொழில்காரர்களுக்கு நடந்த வகுப்புக்கு நாலு பேரும் போனார்கள். வகுப்பெடுத்த டீச்சர் பொறுமையாகச் சொன்னாள்.

"வயருக்கு ஆன செலவு மட்டும் விலை இல்லீங்க. நீங்க உட்கார்ந்து பின்னுற நேரத்துக்கும் கூலி போடணும். நேரம் கூடினா விலையும் கூடும். அப்புறம், உங்க பொருளுக்கு முதல்ல நீங்க மரியாதை குடுங்க. விலைன்னு ஒண்ணு வெச்சாச்சா, யார் கேட்டாலும் இறக்காதீங்க."

நாலு பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அவள் அந்தப் பக்கத்துக்குப் புதிது.

ஊர் திரும்பியதும் திரவியம் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"உலகம்மா, உன் கூடை பின்ன எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு பகல் அண்ணாச்சி."

"மாப்ளே, உன் கூடை?"

"ஆடியில ஆரம்பிச்சேன் அத்தான். இப்ப தை. இன்னும் கைப்பிடி வைக்கல."

திரவியம் எழுந்து நின்றுவிட்டார். இத்தனை நாளும் ஒரு பெரிய கலைஞனை வீட்டில் வைத்துக்கொண்டு, கடைக்குப் போய் வெற்றிலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறோமே என்று அவருக்குக் கண் கலங்கியது.

"நாம ஏன் முன்னேறலேன்னு இப்பத்தான் புரியுது," என்றாள் செவந்தி. "இவ அவசர அவசரமாப் பின்னியே கூடையை மலிவாக்கிட்டா."

"கை பழகிட்டா சீக்கிரம் முடியத்தானே செய்யும் மதினி?" என்றாள் உலகம்மா பாவமாக.

"கை பழகணும்னு டீச்சர் சொன்னாங்களா? நேரம் கூடணும்னுதான் சொன்னாங்க."

உலகம்மா யோசித்துப் பார்த்தாள். டீச்சர் சொன்னது அப்படித்தான் இருந்தது.

அன்றிலிருந்து மாசானம் குருவானான். மற்றவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தான். ஒரு முடிச்சுப் போட வேண்டும். டீ குடிக்க வேண்டும். திரும்பி வந்து, முடிச்சை நன்றாகப் பார்த்து, அவிழ்த்துவிட வேண்டும். செவந்தி இதில் சீக்கிரமே தேறினாள். பின்னிக்கொண்டே தூங்கிப்போவாள். தூங்கின நேரத்துக்கும் கூலி உண்டா என்று ஒரு விவாதம் வந்தது. "தூங்குனாலும் கையில வயர் இருந்துச்சா இல்லையா?" என்று கேட்டார் திரவியம். இருந்தது. சேர்த்துக்கொண்டார்கள்.

உலகம்மாவுக்குத்தான் கஷ்டம். கொஞ்சம் அசந்தாலும் அவள் கை தானாகக் கூடையை முடித்துவிடும். முடித்துவிட்டுத் திருட்டு முழி முழிப்பாள்.

கொடைச் சந்தையும் வந்தது. கூடைக்கு மரியாதை கொடுக்க வேண்டுமே! வாடகைக்கு நாற்காலிகள் எடுத்து வரிசையாகப் போட்டு, கூடைகளை உட்கார வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். நாலு பேரும் எதிரே கைகட்டி நின்றார்கள். அந்தப் பக்கம் வந்த ஜனங்களும் ஏதோ கூட்டம் என்று நினைத்துப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், "எந்தக் கட்சிப்பா? பேச்சாளர் எப்ப வருவாரு?" என்று விசாரித்தார்.

விலை எழுதிய அட்டையை மாசானம் வேப்பமரத்தின் உச்சிக் கிளையில் கட்டியிருந்தான்.

"விலை எவ்வளவு?" என்று கேட்டாள் ஒரு அம்மாள்.

"அந்தா, மேல இருக்கு."

"கண்ணுக்கு எட்டலையே. கொஞ்சம் இறக்குங்களேன்."

"விலையை மட்டும் இறக்க மாட்டோம்," என்றார் திரவியம் கண்டிப்பாக. "வேணும்னா நீங்க ஏறிப் பாருங்க."

இப்படியே சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு கூடையும் போகவில்லை. உலகம்மா மீந்த வயரைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று செவந்தியிடம் கேட்டாள். அதைக் கேட்ட திரவியம் அவள் கட்டின வயரை அவசரமாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் சென்னையில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி அங்கே வந்து சேர்ந்தாள். உலகம்மாவின் கூடைகளை ஒதுக்கிவிட்டு, படுத்துக்கிடந்த மாசானத்தின் கூடையை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ஆகா! இது கையால செஞ்சதுன்னு பார்த்தாலே தெரியுது. மத்ததெல்லாம் மிஷின்ல செஞ்ச மாதிரி ஒழுங்கா இருக்கு."

பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தூரப்பார்வை தெளிவாக இருந்தது. அட்டையில் அந்தக் கூடைக்கு நேராக, ஆடியிலிருந்து போட்ட கூலியோடு சேர்த்து, ஒன்பதாயிரம் என்று எழுதியிருந்தது.

"நியாயமான விலைதான்," என்றாள். "என் கடையில நான் இதுக்கு ரெண்டு மடங்கு போடுவேன்."

கூடையைக் கீழே வைத்துவிட்டு, பணத்தை எண்ணித் திரவியத்திடம் கொடுத்தாள். போனில் யாரோ கூப்பிட, அதைக் காதில் வைத்துக்கொண்டே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கூடையைக் கையோட குடுத்துருங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூடைக்குத்தானே விலை சொன்னோம்? கையையும் கேக்குறாங்களே," என்றாள் செவந்தி.

"எந்தக் கையாம்?" என்று தன் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டான் மாசானம்.

"பின்னுன கைதான். வலது கை," என்றார் திரவியம்.

"அத்தான், அதைக் கழட்ட முடியாதே!"

"யாரு கழட்டச் சொன்னா? அது பாட்டுக்கு ஒட்டியே இருக்கட்டும். நீயும் கூடப் போ."

எல்லோரும் உலகம்மாவைப் பார்த்தார்கள். அவள் பணக்கட்டைப் பார்த்தாள். "ஒன்பதாயிரம் குடுத்த மகராசி. ஒரு கை குடுத்தா நாம ஒண்ணும் குறைஞ்சிற மாட்டோம்," என்றாள். தீப்பெட்டி ஆபீஸ் அவளுக்கு அடியோடு மறந்துபோயிருந்தது.

மாசானம் அழுதுகொண்டே கூடையை வலது கையில் மாட்டி, அந்தப் பெண்மணிக்குப் பின்னால் பஸ் ஏறினான். வண்டி நகர்ந்தபோதுதான் திரவியத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் பின்னால் ஓடினார்.

"மாப்ளே! முழு டிக்கெட் எடுத்து ஏமாந்துறாதே! வலது கை அந்தம்மாவோடது. அதுக்கு அவங்க எடுக்கட்டும்!"

கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். அவருக்கும் சொந்த ஊர் சிலம்பாக்குளம்தான். தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

"மீதி ஆளுக்கு டிக்கெட் கிழிச்சிருவேன் அண்ணாச்சி. கைக்கு லக்கேஜ்தான் போட முடியும்."