பெறுநர் கட்டம்

வடிவம்மையின் ஆசிரமக் கூடத்தில் கறுப்புத் திரைகள் தொங்கும். உபதேசம் கேட்க வருபவர் ஒவ்வொருவருக்கும் தனி வாசல், தனித் தடுப்பு. பக்கத்துத் தடுப்பில் இருமுவது யார் என்று எவருக்கும் தெரியாது. வெளியே சொல்ல முடியாத துயரங்களோடு வருபவர்களுக்கான இடம் அது.

வாசல் பொறுப்பும் கடிதப் போக்குவரத்தும் அருள்நம்பியிடம் இருந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிட வயதில் மூத்த சீடர். இதற்குச் சாத்திரத்தில் தடை உண்டா என்று தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகே சேர்ந்தார்.

“அம்மா, ஒரே குருவின் பிள்ளைகளுக்குள் திரை எதற்கு?” என்று ஒருநாள் கேட்டார்.

வடிவம்மை விலகியிருந்த ஒரு திரையை இழுத்துச் சரிசெய்தார்.

பௌர்ணமி உபதேசத்துக்கு எல்லோரையும் மின்னஞ்சலில் அழைக்க வேண்டியிருந்தது. ஒருவர் முகவரி மற்றவர் கண்ணில் படாமல் அனுப்ப ‘பிசிசி’ என்றொரு கட்டம் உண்டு; அதில்தான் போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். ஒளித்து அனுப்புவது மொட்டைக் கடுதாசி போடுவதைப் போல அருள்நம்பிக்குக் கூசியது. எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் வெளிப்படையாக, அதுவும் அகரவரிசையில், அடுக்கி அனுப்பிவிட்டார்.

சற்று நேரத்தில் ஒரு பதில் வந்தது. அதுவும் எல்லோருக்கும் போயிருந்தது.

“வணக்கம். என் தங்கை சுடர்க்கொடியின் பெயரை இதில் பார்த்தேன். அவள் வேலை பார்க்கும் பள்ளியின் பெயரும் முகவரியிலேயே இருக்கிறது. வேறு சாதிக்காரனோடு போன நாளிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறோம். மிக்க நன்றி. மருதப்பன்.”

மருதப்பன் கோபம் தணிய வருபவர். சுடர்க்கொடி பயம் தணிய வருபவள். இத்தனை நாளும் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே இருந்தது ஒரு முழத் துணிதான் என்பது அருள்நம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. அனுப்பியதைத் திரும்பப் பிடுங்க முடியுமா என்று கண்ட பொத்தானையெல்லாம் தட்டிப் பார்த்தார்.

வடிவம்மை பதிலைப் படித்தார். திட்டவில்லை. நின்றபடியே சுடர்க்கொடிக்குப் போன் செய்து, பள்ளியைவிட்டு உடனே கிளம்பச் சொன்னார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெயில் சாயும் நேரத்தில் ஆசிரம வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மருதப்பனும் அவருடைய ஆட்களும் இறங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனதையும், தங்கை கொஞ்சம் முன்புதான் புறப்பட்டுப் போனதாக அங்கே சொன்னதையும் மருதப்பன் ரொம்பப் பணிவாகச் சொன்னார். பிறகு அருள்நம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

“எங்க அனுப்பி வச்சிருக்கீங்க, சார்?”

“தெரியாதுப்பா.”

“பொய் சொல்லத் தெரியாத ஆளாச்சே நீங்க.” விரல்கள் இறுகின. “மூஞ்சியப் பாத்தாலே கண்டுபிடிச்சிருவேன்.”

“நிஜமாவே தெரியாது.”

மருதப்பன் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து கையை எடுத்தார். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

விளக்கு வைக்கும் வேளையில் வடிவம்மை திரும்பினார். வாசல்படியில் உட்கார்ந்திருந்த அருள்நம்பி, மருதப்பன் வந்து கேட்டதையும் நாளைக்கும் வரப்போவதையும் சொன்னார்.

“அந்தப் பொண்ணு பத்திரமா இருக்காளா, அம்மா?”

“இருக்கா.”

“எந்த ஊர்ல?”

வடிவம்மை அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சொல்றேன் ஐயா. ஆனா நாளைக்கு அவர் வந்து கேக்கும்போதும் வாசல்ல நீங்கதான் இருக்கணும்.”

அருள்நம்பி அதற்குமேல் கேட்கவில்லை.