யானை வரும்வரை நின்ற சோயா

ஓடைக்கரைக் காட்டில் முயலும் காட்டுப்பன்றியும் மயிலும் கூட்டாகச் சோயா பயிரிட்டார்கள்.

விதை பொறுக்கியவள் முயல் வஞ்சி. காதைப் போலவே வாயும் அவளுக்குக் கொஞ்சம் நீளம்.

"பெரிய விதையாப் பார்த்து எடு," என்றார் பன்றி.

"பெருசா இருந்து என்ன சித்தப்பா? பழைய விதை முளைக்காது."

சொன்னதோடு விடவில்லை. ஒவ்வொரு குவியலிலும் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். போன பருவத்து விதை மட்டும்தான் முளை விட்டது. வேரில் முடிச்சு நன்றாகப் பிடித்துச் செடி செழிக்கட்டும் என்று, முன்பு சோயா விளைந்த இடத்து மண்ணைக் கஞ்சியில் குழைத்து அந்த விதைக்குப் பூசி, நிழலில் உலர்த்தி, ஆழம் போகாமல் விதைத்தார்கள்.

மழை ஏமாற்றவில்லை. செடி பூத்தது, காய்த்தது. பிறகு இலையெல்லாம் பழுத்து உதிர்ந்தது. காய்கள் பழுப்பேறி, ஆட்டினால் உள்ளே கலகலத்தன.

"நாளைக்கு விடியறப்போ அறுத்துடலாம். பனி ஈரத்துல காய் வெடிக்காது," என்றாள் வஞ்சி.

"அதெப்படி? யானை ஐயாவைக் கூப்பிட்டிருக்கேன். அவர் முதல் செடியைப் பிடுங்கி, நாலு வார்த்தை பேசினப்புறம்தான் அறுவடை," என்றார் பன்றி.

"எப்போ வர்றார்?"

"வருவார்."

"அது பதில் இல்லை சித்தப்பா. வெயில் ஏறினா காய் வாயைத் திறந்துடும். விதையெல்லாம் மண்ணுக்குள்ள போயிடும். அடுத்த பருவத்துக்கு எதை விதைக்கறது, அவர் பேசின நாலு வார்த்தையையா?"

மயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்றிக்கு முகம் சுருங்கியது.

"பெரியவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"வேணும். ஒரு வரிசையை அவருக்குன்னு விட்டு வைப்போம். மிச்சத்தை அறுப்போம்."

"அறுத்த வயல்ல வந்து நின்னா அவருக்கு என்ன அழகு?" என்றார் மயில். வரவேற்பு நடனம் ஒன்றை அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

இரண்டு பேர் அந்தப் பக்கம்; வஞ்சி தோற்றாள். ஆனாலும் விடிந்ததும் தன் பங்குப் பாத்தியை மட்டும் விறுவிறுவென்று அறுத்துக் கட்டினாள். "மரியாதை தெரியாதவ," என்று முணுமுணுத்துக்கொண்டே பன்றி கட்டுத் தூக்கத் தோள் கொடுத்தார்.

யானை நல்லவர்தான். வழியில் கண்டவர்களெல்லாம் நிறுத்தி மாலை போட்டார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வராது. வந்து சேரும்போது உச்சி வெயில்.

வயலில் காலை வைத்தார். பட்! அடுத்த அடி வைத்தார். பட், பட், படபட! நிலம் அதிர அதிர, காய்ந்த காய்கள் வரிசை வரிசையாக வெடித்தன. மணிகள் கரிசல் மண்ணின் விரிசலுக்குள் ஓடி மறைந்தன.

யானைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "அடடா, எனக்காக வெடியெல்லாம் வெச்சிருக்கீங்களே!"

பன்றி ஒரு விரிசலுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தார். மயிலின் தோகை தானாகத் தாழ்ந்தது.

"ஐயா, நகராதீங்க," என்றாள் வஞ்சி. "அது வெடி இல்லை. எங்க வருஷத்துச் சாப்பாடு."

தூக்கிய காலைத் தூக்கியபடியே யானை நின்றார். "என்னம்மா சொல்ற? எனக்காகவா நிறுத்தி வெச்சீங்க? நான் கேட்கவே இல்லையே."

அதுதான் வஞ்சியை இன்னும் சுட்டது. திட்டித் தீர்க்கக்கூட ஆளில்லை.

யானை மாலைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்டியிட்டார். பொழுது சாயும்வரை துதிக்கையால் விரிசல் விரிசலாக உறிஞ்சி எடுத்தும் ஒரு கூடைதான் தேறியது.

"இது சாப்பாட்டுக்கே போதாது. விதைக்கு என்ன பண்ணுவோம்?" என்றார் பன்றி, தரையைப் பார்த்தபடி.

வஞ்சி தன் கட்டுகளை அவர் முன்னால் இழுத்துப் போட்டாள். "இதுல எல்லாருக்கும் விதை ஆகும். ஆனா அடுத்த தடவை அறுவடைக்கு நாள் குறிக்கறப்போ காயைக் கேளுங்க சித்தப்பா."

"கேட்கறேன் தாயி," என்றார் பன்றி.

காலத்தில் செய்யவேண்டிய வேலையை நிறுத்திவைத்துக் காட்டும் மரியாதை, காட்டுகிறவருக்கு நஷ்டம், பெறுகிறவருக்குத் தலைகுனிவு.