கள்ளிவலசு விமானத்துக்குத் துணி பார்த்த கதை

கள்ளிவலசில் புத்தியை யாரும் வீணாக்குவதில்லை. பிறந்தபோது கொடுத்ததை அப்படியே புதுசாக வைத்திருப்பார்கள்.

அந்த ஊரில் தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகக் கத்தி, அடிபட்டு மிதிபட்டு, பழைய இரும்புக் குடோன் கட்டினவர் நாச்சிமுத்து. அவர் பேரம் பேச ஆரம்பித்தால் எதிராளி சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவான். கோபம் வந்தால் தன் சட்டையைத் தானே கிழித்துக்கொள்வார். ஓர் ஏலத்தில் துருப்பிடித்த பாய்லரோடு சேர்த்து, ரெண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றையும் இழுத்து வந்துவிட்டார். உள்ளே இரும்புக் குழாய். மேலே இழுத்துப் போர்த்தி, வார்னிஷ் மாதிரி என்னவோ அடித்த துணி.

ஜவுளிக்கடை சிவமலை சும்மா இருப்பாரா? "ஏனுங், உங்க பிளேனு துணிமணியெல்லாம் உடுத்தி நிக்குதே, கண்ணாலத்துக்குக் கெளம்பிருச்சா?"

தேர்முட்டியில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நாச்சிமுத்துவுக்கு உச்சி சூடேறியது.

"ஆடி முடியறதுக்குள்ள இது உன்ற கடைக்கு மேல பறக்கும். பறக்கலீன்னா என்ற மீசைய எடுத்தர்றேன்!"

"பறந்துட்டா என்றத எடுத்துக்க!"

ரெண்டும் லேசுப்பட்ட மீசை இல்லை. அன்று முதல் நாச்சிமுத்து தூங்கும்போதுகூட ஒரு கையை மூக்குக்குக் கீழேயே வைத்திருந்தார்.

ஆடியும் கடைசிக்கு வந்துவிட்டது. விமானம் பரிசோதிக்கும் என்ஜினியர் தெரசம்மா போனில் சொன்னார்: "மத்தியானம் வர்றேன். அதுக்குள்ள துணியை நீங்களே ஒரு தடவை பாருங்க. தட்டினா மேளம் மாதிரி விறைப்பா கேக்கணும். பெருவிரலால அழுத்திப் பாருங்க, கிழியக் கூடாது. ஓட்டை ஒடசல் இருந்தா கவனிங்க."

நாச்சிமுத்து இதை அப்படியே குடோன் ஆட்கள் மூன்று பேரிடமும் ஒப்பித்தார். ராயண்ணன், குஞ்சப்பன், பழனாத்தாள். மூவரும் முன்னே சாயப்பட்டறையில் இருந்தவர்கள். துணி என்றால் தங்களுக்கு மிஞ்சி ஆளில்லை என்று நினைப்பு.

அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வலது இறக்கைக்குக் கீழே புகை.

"அடப் பாவிகளா! என்னடா பண்றீங்க?"

"தட்டிப் பாத்தோமுங்க, மேளச் சத்தம் பத்தலீங்க," என்றான் ராயண்ணன், வைக்கோலை ஊதிக்கொண்டே. "தப்பட்டை தொங்கிப் போனா தீயில காட்டித்தானுங்களே விறைப்பேத்துவாங்க?"

நாச்சிமுத்து தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக இறக்கை மேலும் கீழும் மூட்டு இடுக்கிலும் வீசி அணைத்தார். மிச்சத்தை ராயண்ணன் தலையில் ஊற்றினார். மூச்சு வாங்கத் திரும்பினால், இடது இறக்கை சல்லடையாகக் கிடந்தது. குஞ்சப்பன் பெருவிரலைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"கிழியக் கூடாதுன்னு சொன்னனா இல்லியாடா?"

"அதுக்குத்தானுங்க. எவ்வளவு அழுத்துனா கிழியும்னு தெரிஞ்சாத்தானுங்களே அதுக்குக் கொறச்சலா அழுத்த முடியும்? இடது பக்கம் கிழிச்சு அளவு பாத்துக்கிட்டனுங்க. வலது பக்கம் அந்த அளவுக்குப் போகவே இல்லீங்க. அது கல்லாட்ட இருக்குது."

நாச்சிமுத்து சட்டையைக் கிழித்துக்கொண்டார்.

"நானு ஒண்ணும் கெடுக்கலீங்க," என்று பெருமையாக வந்தாள் பழனாத்தாள், கையில் ஊசி நூலோடு. "வலது இறக்கைக்கு அடியில வரிசையா ஓட்டைங்க. அல்லாத்தையும் தெச்சு, மேல பசையும் போட்டுட்டேன்."

தெரசம்மா வந்தார். வலது இறக்கையைத் தட்டினார். உள்ளே கிணறு மாதிரி தளும்பியது.

"அடியில தண்ணி வடியற ஓட்டை இருக்குமே, எங்கே?" என்று குனிந்து ஒரு தையலைப் பிரித்தார். நாச்சிமுத்து வீசின தண்ணீரெல்லாம் அந்த அம்மாள் தலைக்கே வந்து சேர்ந்தது.

முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "இது பறக்காது."

நாச்சிமுத்து விடுவாரா? "ரொம்ப ஒசரம் வேண்டாமுங்க அம்மணி. தென்னமர ஒசரத்துக்கு மட்டும் பாஸ் போடுங்க."

"முடியாது."

"ஒத்த இறக்கைக்காச்சும்?"

"ஐயா, துணி இல்லேன்னா இது இரும்புக் கட்டில். பறக்கிறதே துணியாலதான். மொத்தத் துணியையும் பத்திரமா உரிச்சு, காயப் போட்டு வைங்க. அதை அளவு வெச்சுத்தான் புதுசு போடணும்."

அவர் போனதும் நாச்சிமுத்து கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்து மீசையைக் கடைசியாக ஒருமுறை முறுக்கினார். வெளியே மூவரும் துணியை உரித்து, ஒன்றோடொன்று முடிந்து, குடோன் கூரையில் காயப் போட்டார்கள். மேலே பாரம் வைத்தால் கசங்கும் என்று ஒரு கல்கூட வைக்கவில்லை.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து ஒரு வீசு வீசியது.

ஊரே அண்ணாந்து பார்த்தது. விமானத்துத் துணி முழுசும் வயிறு உப்பி எழும்பி, தேர்முட்டியைத் தாண்டி, சிவமலையின் கடைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, 'ஆடித் தள்ளுபடி' பலகையில் இறங்கியது.

சிவமலை நாவிதரையும் கூட்டிக்கொண்டு குடோனுக்கு ஓடி வந்தார். "துணிதான பறந்துச்சு? பிளேனு இங்கயே கெடக்குது. எடுய்யா மீசைய!"

"அதெப்படிங்க?" என்றான் ராயண்ணன். "பறக்கறது துணியாலதான்னு இஞ்சினியரம்மாவே சொல்லிருச்சு. பறக்க வேண்டியது பறந்துருச்சு. கட்டில் எதுக்குங்க கூடப் போகோணும்?"

கூட்டம் யோசித்தது. கள்ளிவலசுக் கூட்டமல்லவா, நியாயம்தான் என்றது.

நாச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது; கூடவே பேரமும் வந்தது. "சரி, சிவமலை. பாதி பிளேனுதான் பறந்துச்சுன்னு வெச்சுக்க. உனக்குப் பாதி மீசை போதும்!"

சிவமலைக்கு வேறு வழியில்லை. நாவிதர் இடது பக்கத்தை வழித்துவிட்டு, கத்தியைத் துடைத்தார்.

"மிச்சம் பத்திரமா இருக்குமா?" என்று வலது பக்கத்தைத் தடவிக்கொண்டே பரிதாபமாகக் கேட்டார் சிவமலை.

"பயப்படாதீங்க," என்று முன்னால் வந்தான் குஞ்சப்பன். பெருவிரலை எச்சில் தொட்டுக்கொண்டு, மிச்ச மீசையை வாகாகப் பிடித்தான்.

"எவ்வளவு இழுத்தா புடுங்கிட்டு வருதுன்னு ஒருக்கா பாத்துக்கலாமுங்க. அப்பறம் அதுக்குக் கொறச்சலா இழுத்துக்கலாம்."