"வாலே"ன்னு கூப்பிட்ட சுழி

மழை பெஞ்சாத்தான் அந்தக் காட்டாத்துல தண்ணி வரும். வந்தா சும்மா வராது, கல்லையே உருட்டிக்கிட்டு வரும்! அன்னைக்கு அந்த வெள்ளத்துல ரெண்டு பேரு, படகு மாதிரி ஆளுக்கொரு பாக்குமரப் பாளையில ஏறி, துடுப்புப் போட்டுப் பறந்துக்கிட்டிருந்தாங்க. முன்னால கீரி, பின்னால மரநாய்.

"ஏலே மரநாயி! துடுப்பு போடுதியா, கொழம்பு கிண்டுதியா?"

"ஒன் மூஞ்சி! மொதல்ல ஒன் பாளைக்குள்ள கெடக்குற தண்ணிய எறைலே!"

ஒரு திருப்பத்துல ஆறு ரெண்டு பாறைக்கு நடுவுல இடுக்கா நுழைஞ்சுது. உள்ள ஒரே பனிமூட்டம். இரைச்சல் மட்டும்தான் கேக்குது! ரெண்டு பேரும் கரை ஒதுங்குனாங்க.

"நான் மொதல்ல போறேன். நல்லாருந்தா சத்தம் குடுக்கேன், அப்புறம் நீ வா"ன்னுட்டு கீரி உள்ள போயிட்டான். பனி மூடிக்கிச்சு.

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் உள்ளேருந்து ஒரு குரல்.

"வா...லே!"

மரநாய்க்குக் குஷி தாங்கல! பாளையில குதிச்சு உக்காந்தான்.

"போவாத." பக்கத்துப் பாறையில இருந்த தவளை சொல்லுச்சு. கண்ணக்கூட சிமிட்டல.

"ஏன்? எங்க கீரி கூப்பிடுதான்லா!"

"போன மழைக்கும் இப்படித்தான் கூப்பிட்டுது. முயலு போனான். இன்னும் வரல."

"வா...லே! வா...லே!"

மரநாய்க்கு முதுகு முடியெல்லாம் சிலுத்துக்கிச்சு. ஆனா உள்ள இருக்கது கூட்டாளியாச்சே, விட்டுட்டுப் போக முடியுமா? பாளையக் கரையில இழுத்துப் போட்டுட்டு, பாறையில தொத்தித் தொத்தி நடந்தே போனான்.

கொஞ்சம் கிட்டப் போனதும் குரல் மாறுச்சு. "வாரா...லே!"

இன்னும் கிட்டப் போனான்.

"வாராதலே!"

அய்யய்யோ! 'வராதே'ன்னுல்லா கத்துது! நடுவுல இருந்ததையெல்லாம் ஆத்து இரைச்சல் முழுங்கியிருக்கு!

கீழ எட்டிப் பாத்தான். பெரிய சுழி. ஆளில்லாத பழைய பாளைங்க, முங்கவும் இல்லாம வெளிய போகவும் இல்லாம, அதுல சுத்திக்கிட்டே கெடக்கு. ஓரத்துல ஒரு வேரைப் பல்லால கவ்விப் பிடிச்சுத் தொங்குனான் கீரி!

மரநாய் பாறையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நீள வாலைக் கீழ விட்டான். கீரி ரெண்டு கையாலயும் பிடிச்சான். ஒரே இழுவை! மேல வந்து விழுந்தான்.

"நல்லவேளை மக்கா, 'வாராதலே'ன்னு கத்திக்கிட்டே இருந்த!"

கீரி இருமி இருமித் தண்ணியத் துப்புனான். "நானா? நான் எப்படிலே கத்த முடியும்? வாயில வேரைல்லா கவ்விட்டுக் கெடந்தேன்!"

ரெண்டு பேரும் மெதுவாத் திரும்பிச் சுழியப் பாத்தாங்க. காலிப் பாளைங்க சுத்திக்கிட்டே இருந்துது. அதுக்கு அடியிலேருந்து பல குரல் ஒண்ணா வந்துது.

"வாராதலே! வாராதலே!"

அதுல ஒண்ணு, போன மழைக்குப் போயித் திரும்பாத முயலோட குரல்.

யாரு என்ன சொன்னாலும், நமக்குப் பிடிச்ச பாதிய மட்டும் காதுல வாங்கிட்டுக் குதிச்சிடாம, கிட்டப் போயி முழுசாக் கேக்கணும்!