புங்க மரமும் எட்டுப் பேனலும்

சோலைக்காட்டில் கரண்ட் போகாத நாளே கிடையாது. மரகதம் என்ற முயலுக்கு அலுத்துப் போய்விட்டது. வீட்டில் மூன்று சின்னக் குட்டிகள் வேறு. "கூரையில் சோலார் போட்டே தீருவேன்!" என்று கோதண்டம் குரங்கை அழைத்து வந்தது.

கோதண்டம் சோலார் வேலையில் பெரிய ஆள். அதாவது, அப்படி அதுவே சொல்லிக்கொள்ளும். வந்ததும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது.

"நாலு அறையா? பக்கத்து வீட்டுக் கரடிக்கும் நாலு அறைதான். அங்கே எட்டுப் பேனல் போட்டேன். உனக்கும் எட்டு!"

"அண்ணே, கரடி வீட்டுல ஏசி ஓயாம ஓடுது. தேனுக்குன்னு தனி ஃப்ரிட்ஜ் வேற! எங்கிட்ட நாலு லைட்டு, ஒரு ஃபேன், ஒரு மிக்ஸி. அவ்வளவுதான்!"

"எத்தனை வீடு பார்த்திருக்கேன்! எங்கிட்டயே கணக்கா?"

பிறகு கூரையை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கியது. மேற்குப் பாதி முழுக்கப் புங்க மரத்தின் நிழல்.

"எட்டும் வைக்கணும்னா கூரை முழுக்க வெயில் படணும்மா. இந்த மரத்தைச் சாய்ச்சிடலாம். நாளைக்கு ஏகாம்பரத்தைக் கூட்டிட்டு வர்றேன்."

ஏகாம்பரம் என்பது யானை. மரம் பிடுங்குவதுதான் அதற்குத் தொழில்.

அன்றைக்கு முழுக்க மரகதம் புங்க மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அந்த மரத்தை ஒட்டிய அறையில்தான் குட்டிகள் தூங்கும். மரம் போனால் அக்கினி வெயிலில் அதுகள் என்ன பாடுபடும்? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சோலார் தெரிந்தவர் சொல்கிறாரே!

மறுநாள் உச்சி வெயிலில் குரங்கும் யானையும் வந்து சேர்ந்தன. மரகதம் ஒருவழியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டது.

"அண்ணே, எங்களுக்கு எவ்வளவு கரண்ட் செலவாகுதுன்னு ஒரே ஒரு பொழுது மீட்டரைப் பாருங்க. அப்புறம் மரத்துல கை வையுங்க!"

"இந்த வெயிலுக்குச் சும்மா பறக்கும் பாரு உன் மீட்டர்!" என்று கோதண்டம் மரத்தை ஒட்டிய அறையில் இருந்த மீட்டர் பெட்டிக்குக் கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்தது. ஏகாம்பரம் மரத்தடியில் ஒதுங்கியது.

சற்று நேரத்தில் ஒரு குறட்டை. கூடவே இன்னொரு பெரிய குறட்டை!

கோதண்டம் விழித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. பதறிப்போய் மீட்டரைப் பார்த்தது. கரண்ட் இருந்தும் எண் நகரவே இல்லை!

"ஃபேன் எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"போடவே இல்லையே அண்ணே!"

"பொய் சொல்லாதே! எவ்வளவு சுகமாத் தூங்கினேன் தெரியுமா?"

"நானும்தான்யா!" என்று ஏகாம்பரம் சோம்பல் முறித்தது. "இந்த மரத்தைப் பிடுங்க எனக்கு மனசு வரலை!"

கோதண்டம் மரத்தைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது, தலையைச் சொறிந்தது. திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தது.

"நான் ஒரு மடையன்! மரத்தை வெட்டினாத்தான் உனக்கு ஏசி வேணும், எட்டுப் பேனல் வேணும். மரம் நின்னா ரெண்டே போதும்! கிழக்குப் பக்கமே அடங்கிடும். ராத்திரி லைட்டுக்குச் சின்னதா ஒரு பேட்டரி வெச்சுக்கலாம்."

மரகதம் துள்ளிய துள்ளலில் மண் பறந்தது!

அந்த வாரமே பேனல் ஏறியது. வழக்கம்போலக் கரண்ட் போனது. ஆனால் மரகதத்தின் மிக்ஸி கடகடவென்று சட்னி அரைத்தது. புங்க மர நிழலில் குட்டிகள் உருண்டு விளையாட, யானையும் குரங்கும் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டன.

தன் வீட்டுத் தேவையை அளந்து பார்க்காமல் அடுத்த வீட்டுக் கணக்கைப் போடுபவர், இருக்கிற நிழலையும் இழந்து வெயிலில் நிற்பார்.