கல்தூணில் போட்ட முடிச்சு

ஆறு வளைகிற இடத்தில் அந்த மடம். மடம் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. மேட்டில் ஒரு கூரை வீடு, பள்ளத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை, அவ்வளவுதான். உமையம்மை என்கிற துறவி அங்கே இருந்தார். கூட இரண்டு சீடர்கள். பெரியவர் திருமேனி, புடவை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு வந்தவர். சின்னவன் காத்தான், வாய்த்துடுக்கு.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். மழைக்காலம் பிறந்துவிட்டால் மாட்டை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரிதான் கட்டுவார்கள். ஆறு சொல்லிவிட்டா வரும்?

திருமேனி ஒரு நாள் அம்மையிடம் வந்தார்.

"வியாபாரத்துல ஆளுக்கொரு முகம் வெச்சிருந்தேன் அம்மா. என்னோடதுன்னு ஒண்ணு இருக்குமில்ல? அதைத் தெரிஞ்சுக்காம செத்துடக் கூடாது."

"இருக்கும். தேடு."

வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். செவலைப் பசுவைக் கட்டுவது அவர் பொறுப்பு. சினைமாடு. அது வாயாலேயே கயிற்று நுனியை இழுத்து அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் முதுகை நக்கும். ஓட்டிப்போய்க் கட்டிவிட்டு வந்து உட்காருவார். மறுபடியும் வந்து நக்கும்.

"உங்களுக்கு முன்னாடி அதுக்கு ஞானம் வந்துடும் போல, அண்ணே," என்பான் காத்தான்.

பிறகு மாடு வருவது நின்றுவிட்டது. திருமேனியின் முகமும் தெளிந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன் அம்மா. இரக்கம். வாயில்லாத உயிர் நோகக் கூடாது. அதுதான் நான்."

"செவலையைக் கட்டியாச்சா?"

"ஆச்சு அம்மா."

மறுநாள் மேற்கே எங்கேயோ ஏரிக்கரை உடைந்தது. பகல் சாப்பாட்டு வேளைக்கெல்லாம் ஆறு கொட்டகைக்குள் வந்துவிட்டது. செவலை கத்தியது.

திருமேனி இறங்கி ஓடினார். தண்ணீர் இடுப்பளவு. கல்தூணின் அடியில் கட்டிய கயிறு, முடிச்சு நீருக்குள். மூழ்கித் தடவினார். நனைந்து கல்லாக இறுகியிருந்தது. கிள்ளினார், நகம் பெயர்ந்தது. கடித்தார், பல் வழுக்கியது.

"அண்ணே, மேல வந்துடுங்க. சுழிக்குது."

"அரிவா எங்கடா?"

"அம்மா எடுக்கப் போயிருக்காங்க. வாங்கண்ணே, போயிருவீங்க."

"போனா போறேன். இதை விட்டுட்டு வரமாட்டேன்."

தண்ணீர் மார்புக்கு ஏறியது. மாட்டுக்குத் தலையைத் தூக்கக் கயிறு போதவில்லை. கழுத்தை நீட்டி மூக்கை மட்டும் மேலே வைத்திருந்தது. அந்த மோவாய்க்குத் தன் தோளைக் கொடுத்து நின்றார் திருமேனி. அவர் வாய்க்குள் சேறு போனது. செவலையின் ஒரு கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மை இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு வந்தார். மூழ்கினார்.

எழுந்திருக்கவில்லை.

காத்தான் தண்ணீரில் கால் வைத்தான்.

பிறகு கயிறு தளர்ந்தது. மாடு முட்டி மோதிக்கொண்டு கரைக்குப் பாய்ந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு திருமேனி. அவருக்குப் பின்னால், இருமிக்கொண்டு அம்மை.

மூவரும் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். திருமேனி அழுதுகொண்டே சிரித்தார்.

"இனி சந்தேகமே இல்லை அம்மா. அதுக்காக உயிரையே விடத் துணிஞ்சேன். பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"அப்ப நான் கண்டது சரிதானே? உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க."

அம்மை வலது கையை விரித்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம். அதில் அறுத்தெடுத்த கயிற்றுத் துண்டு. முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொன்று. அது இன்னும் அவிழவில்லை.

"தண்ணியில நின்னது நீ. இதைப் போட்டது யாரு?"

திருமேனி அதையே பார்த்தார்.

"நான்தான். வந்து வந்து நக்குச்சு அம்மா. உட்கார்ந்து இரக்கத்தைப் பத்தி..."



அம்மை உள்ளே போய்ப் புதுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"வெள்ளம் என்னைக்கோ ஒரு நாள் வருது. கட்டுற பொழுது தினமும் வருது. போய் மாட்டைக் கட்டு."