வெயிலுமுத்துவின் கட்டை

"சாமி என் வாய் அசையறதைத்தான் பாத்திருக்கு, தாயி. என் குரலை இதுவரை கேட்டதில்ல."

இப்படி முறையிட்டபடி பாறை ஏறி வந்தவர் வெயிலுமுத்து. ஆற்றங்கரை ஊரில் விறகுக்கடை வைத்திருப்பவர். தலை முழுக்க நரைத்தவர்.

பாறை மேல் வேப்பமரத்தடியில் தம்பூராவோடு உட்கார்ந்திருந்தவள் உலகம்மை. அவரைவிட இருபது வயது சின்னவள். ஆனாலும் குரு குருதான்.

அவள் தம்பூராவை மீட்டினால் கீழே ஆற்றில் மீன்கள் வரிசையாக வந்து நிற்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஜனங்கள் சும்மா கூட்டிச் சொல்வார்கள். நான் பார்த்தபோது வரிசையெல்லாம் இல்லை. கொஞ்சம் முன்னே பின்னேதான் நின்றன.

"உங்களை யாரு பாடவேண்டாம்னா, அண்ணாச்சி?"

"நயினார் பாகவதர்."

மார்கழி பஜனைக்கு நயினார் பாகவதர்தான் தலைவர். முன்னொரு மார்கழியில் வெயிலுமுத்து பக்தி மிகுந்து, கூட்டத்தோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடினார். அன்றைக்கு மேலத்தெருவில் கறப்பதற்கு முன்பே பால் திரிந்துவிட்டது. மாடு திரும்பிப் பார்த்ததாம்.

பாகவதர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"ஓய் வெயிலுமுத்து, நீரு வாயை மட்டும் அசையும். சத்தத்தை நாங்க பாத்துக்கிடுதோம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு மார்கழியும் வெயிலுமுத்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நாலு வீதியும் சுற்றி வந்தார்.

"இந்த மார்கழியில ஒரே ஒரு பாட்டு, தாயி. சாமி காதுல விழுற மாதிரி. அது முடியலைன்னா இனிமே பஜனைக்கே போகமாட்டேன். பொம்மை கணக்கா எத்தனை காலம் நடக்க?"

உலகம்மை தந்தியை மீட்டினாள்.

"ஸ சொல்லுங்க."

"அது என்னது?"

"ஏழு சுரத்துக்கும் அதுதான் வீடு. பாட்டு எங்க சுத்தினாலும் கடைசியில அங்க வந்துதான் உக்காரணும்."

வெயிலுமுத்து குதிகாலைத் தூக்கினார். கழுத்தை நீட்டினார். நரம்பு புடைத்தது.

"ஸாஆஆ!"

வேப்பமரத்திலிருந்து ஓர் அணில் கீழே விழுந்தது. திரும்ப ஏறும்போது ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு ஏறியது.

"இது யாரு குரல், அண்ணாச்சி?"

"என் குரல்தான்."

"இது நயினார் பாகவதர் குரல். இரவல் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

வெயிலுமுத்து குதிகாலைத் தரையில் இறக்கினார்.

"உங்களுக்கு எத்தனை கட்டை?"

பாட்டுக்காரர்கள் குரலின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் தரையோடு நிற்பது. ஐந்து கட்டை என்றால் கோபுரத்தில் ஏறிக் கூப்பிடுவது. இது வெயிலுமுத்துவுக்கு எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்த கட்டை வேறு.

"கடையில ஒரு வண்டி கிடக்கு, தாயி. புளி, வேம்பு, கருவேலம். உங்களுக்கு எத்தனை வேணும்?"

உலகம்மை ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பு அடங்கிய பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு போதும். உங்க கட்டை. நாளைக்குக் கொண்டு வாங்க."

மறுநாள் வெயிலுமுத்து ஒரு புளியங்கட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். குருவுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்கலாமா? கடையிலேயே பெரிய கட்டை. போன தடவை இந்தக் கதையைச் சொன்னபோது அது ஆள் உயரம் இருந்தது. இப்போது யோசித்தால் இன்னும் கொஞ்சம் நீளம்தான்.

மூச்சு வாங்க ஏறினார். குருவின் முன்னால் கட்டையை இறக்கினார்.

"அப்பாடா!"

உலகம்மையின் கை அதற்குள் தம்பூராவின் பிருடைக்குப் போய்விட்டது. திருகித் தந்தியைத் தளர்த்தினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"இப்போ சொன்னதை."

குரு பாடச் சொல்கிறாள் என்று வெயிலுமுத்துவுக்குப் புரிந்தது. குதிகாலைத் தூக்கினார்.

"அப்பாஆஆடா!"

அணில் விழுந்தது.

"இது பாகவதர் சொல்ற அப்பாடா. கட்டையைத் தூக்கிட்டுக் கீழ போயிட்டு வாங்க."

"பாட்டு எப்ப, தாயி?"

"கீழ போயிட்டு வாங்க."

கார்த்திகை முழுக்க ஊர் இந்த வேடிக்கையைப் பார்த்தது.

"என்ன வெயிலுமுத்து, பாறையில கல்யாணச் சமையலா? விறகு போய்க்கிட்டே இருக்கு?"

"ஒரே கட்டைதான்வே. நேத்துப் போனதும் இதுதான்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. சில பேர் அவருடைய வீட்டுக்காரியிடம் மட்டும் ஜாடையாக விசாரித்தார்கள்.

அவர் ஏறுவார். இறக்குவார். "அப்பாடா" என்பார். உலகம்மை பிருடையை மயிரிழை நகர்த்துவாள். அவ்வளவுதான் பாடம்.

ஒருநாள் அவருக்குப் பாட்டு நினைப்பே இல்லை. தோள் கடுத்தது. வெயில் வேறு. கட்டையை இறக்கி, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"அப்பாடா."

உலகம்மையின் விரல் தந்தியில் இல்லை. ஆனால் தந்தி அதிர்ந்தது. மெல்ல, தானாக, தேனீ முனகுகிற மாதிரி.

மீனையும் அணிலையும் நம்பாதவர்கள் நம்பவேண்டாம். இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. சுருதி சேர்ந்த தந்திக்குப் பக்கத்தில் அதே சுரத்தைச் சொல்லிப் பாருங்கள்.

"இதுதான் உங்க ஸ," என்றாள் உலகம்மை.

வெயிலுமுத்து நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்.

"இதுவா? இதை நான் தினமும் சொல்லுதேனே!"

"ஆமா."

அணில் தானாகவே கீழே இறங்கி வந்து உட்கார்ந்தது.

அந்த ஸ-விலிருந்து ஒரு பாட்டு ஏறி இறங்குகிற வழியை அவள் சொல்லிக்கொடுத்தாள். பஜனையில் கடைசியாகப் பாடுகிற பாட்டு. வெயிலுமுத்து அழுதுகொண்டே கற்றுக்கொண்டார். அழுகையும் சுருதியில்தான் இருந்தது.

மார்கழி பிறப்பதற்கு முதல்நாள் அவர் முகம் வாடி வந்தார்.

"தாயி, நான் நிக்கிறது ஒரு கட்டையில. பாகவதர் அஞ்சு கட்டையிலல்லா நிக்காரு? கூட்டமே அவர் பின்னால மேல நிக்கும். என் ஸ-வை அங்க எங்க கொண்டுபோய் வைக்க?"

உலகம்மை புளியங்கட்டையைக் காட்டினாள்.

"இதை எங்க வைப்பீங்க?"

"தோள் எங்க வலிக்கோ, அங்க."

"அதையும் அங்கேயே வைங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டையைக் கொண்டுபோகச் சொல்கிறாள் என்பது மட்டும் விளங்கியது.

விடியற்காலைப் பனியில் பஜனை கிளம்பியது. பாகவதர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்வே, குளிர் காயப் போறீரா? கட்டையும் கையுமா வந்திருக்கீரு?"

"குருவம்மா கொண்டுபோகச் சொன்னா."

"கொண்டு வாரும். ஆனா வாய்?"

"அசைக்கேன்."

நாலு வீதியும் சுற்றினார்கள். பாகவதர் ஐந்து கட்டையில் முன்னே போனார். கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு பின்னே போனது. எல்லோருக்கும் பின்னால், கட்டையைச் சுமந்து, சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டு வெயிலுமுத்து.

கோயில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசிப் பாட்டு. அது முடிந்தால்தான் தீபாராதனை. அதற்குப் பிறகுதான் பொங்கல்.

பாட்டில் ஓர் இடம் மேல் ஸ-வுக்கு ஏறும். பாகவதர் ஏறினார். பனி தொண்டையைப் பிடித்தது. குரல் பாதி வழியில் கிறீச்சிட்டு அறுந்தது.

கூட்டம் பாகவதரைப் பார்த்தது. அவர் மறுபடி ஏறினார். மறுபடி அறுந்தது. ஆர்மோனியக்காரரின் விரல் மட்டும் மேலே தனியாக நின்று கத்தியது. பிறகு அதுவும் வெட்கப்பட்டு நின்றது.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அர்ச்சகர் கற்பூரத்தட்டோடு காத்திருந்தார்.

வெயிலுமுத்துவின் தோள் வலித்தது.

கட்டையை இறக்கினார்.

"அப்பாடா."

கல்தூண் எல்லாம் அதை வாங்கித் திருப்பிச் சொன்னது.

யாரும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து எல்லோருடைய தொண்டையிலும் இருந்த வார்த்தை அது.

பாகவதர் கோபமாகத்தான் வந்தார். வந்தவருக்குக் கால் ஓய்ந்துவிட்டது. அந்தக் கட்டை மேலேயே உட்கார்ந்தார்.

"அப்பாடா," என்றார்.

சொன்னவர் திடுக்கிட்டுத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்.

பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் உட்கார்ந்தார். "அப்பாடா." அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். "அப்பாடா." வரிசையாக மண்டபமே உட்கார்ந்தது.

ஆர்மோனியக்காரரின் விரல் மேலேயிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கீழே வந்தது. ஓரிடத்தில் நின்றது.

"ஒரு கட்டை, பாகவதரே."

"அதிலயே நில்லும்." பாகவதரின் குரல் கரகரத்தது. அவர் வெயிலுமுத்துவை நிமிர்ந்து பார்த்தார். "எடும்வே."

"நானா? வாயசைக்கவா?"

"பாடும். வாயசைக்க இன்னைக்கு நான் இருக்கேன்."